எட்டாம் போர்ட்டும் ஹாஃப் டிக்கெட்டும்

8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குட்வில் எஸ்டேட் வீட்டிலிருந்து ஆபீஸ் வந்து சேர்வதற்குள் பனியன்வரை ஈரம்.

கப்பல் டிக்கெட் கவுன்டர் 2 மறுபடி மந்தம். தீவிலிருந்து மெயின்லேண்ட் போகும் கப்பலுக்கு இருப்பதே அது ஒன்றுதான். ஒரு டிக்கெட் அடிக்க ஐந்து நிமிஷம். வரிசையில் ஒருவர்: "இதுக்கு நீந்தியே மெட்ராஸ் போயிரலாம்."

காரணம் பிடிபட்டது. எனக்கு முன்னால் இந்த நெட்வொர்க் வேலையில் இருந்த புண்ணியவான், மாடி அறை நெட்வொர்க் ஸ்விட்சில் அந்தக் கவுன்டரின் எட்டாம் போர்ட்டை மட்டும் 'நூறு, ஃபுல்' என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். கீழே கம்ப்யூட்டர் ஆட்டோவில். ஸ்விட்ச் என்ன சொல்கிறதென்று புரியாமல் அது தானாக ஹாஃபில் விழுந்துவிட்டது. ஃபுல்லில் உள்ள ஸ்விட்ச் பேசிக்கொண்டே கேட்கும். ஹாஃபில் உள்ள கம்ப்யூட்டர் பேசினால் கேட்காது, கேட்டால் பேசாது. நாள் முழுக்க மோதல்.

மேனேஜர் மேடத்திடம் லீவ் கேட்டேன். "பஹ்லே லைன் டீக் கரோ." லைன் சரியானால்தான் லீவாம்.

தங்கச்சி நிக்காஹுக்குப் பதினெட்டு நாள். வாப்பா இல்லை. நான்தான் முன்னால் நிற்க வேண்டும். இப்போது டிக்கெட் விற்கிற கப்பல் லீவ் கிடைப்பதற்குள் போய்விடும். அதை விட்டால் நிக்காஹுக்குள் ஊர் போய்ச்சேர ஒரே கப்பல். அதன் டிக்கெட் விற்பனை வியாழன் காலை ஒன்பதுக்கு. விமானம்? என் சம்பளத்துக்கு அண்ணாந்து பார்க்கலாம்.

வாங்க வேண்டியது: குடை, ரீசார்ஜ், செருப்பு.

9, செவ்வாய்

ஸ்விட்சை ஆட்டோவில் விட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் கிழட்டு நெட் கார்டு, விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஆகவே இரண்டு பக்கமும் ஃபுல்லில் பூட்டுவது என்று முடிவு.

கவுன்டர் 2 கிளார்க் மண்டல் தா, வங்காளி, அக்கரை பம்பூஃப்ளாட்காரர். கடல் கொந்தளிப்பு, படகு இக்கரை சாத்தம் ஜெட்டிக்கு வரவே பத்தரை. அவர் திரையில் கார்டு செட்டிங்கைத் திறந்துவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். போனில் சொன்னேன்: "தாதா, ஆட் நம்பர் ஹாஃப் மே ஹை. ஃபுல் கர் தோ." எட்டாம் நம்பர் ஹாஃபில் இருக்கிறது, ஃபுல் ஆக்குங்கள் என்று.

"ஹோ கயா!"

ஆயிற்றாம். ஒன்றும் ஆகவில்லை. கீழே மட்டும் சத்தம். மனுஷன் நான் திறந்துவைத்த செட்டிங்கை மூடிவிட்டு டிக்கெட் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஒரே குடும்பம், எட்டுப் பேர். எட்டாவது பெயர் நாலு வயசுக் குழந்தை, ஹாஃப் டிக்கெட். அதை ஃபுல் ஆக்கிவிட்டார்.

குழந்தையின் தாய்: "எந்த ஊருல நாலு வயசுக்கு ஃபுல் டிக்கெட்டு? இவ என்ன ரெண்டு சீட்டுலயா உக்காரப் போறா?"

மண்டல் தா விட்டத்தைக் காட்டி: "ஊபர் சே ஆர்டர் ஹை." மேலேயிருந்து உத்தரவாம்.

நான் மூச்சிரைக்க இறங்கி வந்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான் அந்த மேலிடமா?"

கும்பிட்டு மன்னிப்பு. டிக்கெட் ஹாஃப். கம்ப்யூட்டர் ஃபுல், என் கையாலேயே.

10, புதன்

மழை விட்டது. எட்டாம் போர்ட்டில் எரர் பூஜ்யம். லீவில் மேடம் கையெழுத்து, அல்ஹம்துலில்லாஹ். ஒரு நிபந்தனை: நாளை விற்பனை நேரத்தில் லைனைப் பார்த்துக்கொண்டு பத்து மணிவரை மாடியை விட்டு நகரக் கூடாது. ஸ்டாஃப் என்று தனிச் சலுகையும் கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கவலையில்லை. மலிவான பங்க் படுக்கை டிக்கெட் எப்போதும் மதியம்வரை கிடக்கும்.

11, வியாழன்

ஒன்பதே கால். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வரிசை ஓடுகிறது. நிமிஷத்துக்கு இரண்டு பேர். அட மடையா! மதியம்வரை டிக்கெட் கிடந்தது மெஷின் மந்தமாக இருந்ததால்தானே!

எட்டாம் போர்ட்டை ஹாஃப் ஆக்கினால் போதும். நான் இறங்கும்வரை வரிசை நிற்கும். யாருக்குத் தெரியப் போகிறது? கட்டளையை அடித்துவிட்டேன். விரல் என்டர்மேல்.

வெளியே அத்தனை தலைகள். ஒவ்வொரு வீட்டிலும் என்ன விசேஷமோ, என்ன சாவோ. அழித்துவிட்டேன்.

பத்துக்கு இறங்கி ஓடினேன். மண்டல் தா முகமெல்லாம் பல். "பங்க் ஃபுல், கேபின் ஃபுல், சப் ஃபுல்! ஆப்னே ஹி போலா தா நா, ஃபுல் கர்னே கோ?" எல்லாம் ஃபுல். நான்தானே ஃபுல் ஆக்கச் சொன்னேனாம்.

தங்கச்சிக்குப் போன். "காக்கா, டிக்கெட்டு எடுத்தாச்சா?" எல்லாவற்றையும் சொன்னேன். என்டர் விஷயத்தையும் சேர்த்து. அதை ஏன் சொன்னேனோ.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஒரே ஒரு பட்டன். எனக்காவ அதத் தட்டக் கூடாதா காக்கா?"

வைத்துவிட்டாள். ஆறு தடவை கூப்பிட்டாயிற்று. எடுக்கவில்லை.