ஆறு மீன் தலை

19.8.2006
குஞ்சு, நீ போய் இண்டைக்கு ஆறு நாள். ஐஸ்மாதிரித் தண்ணி கிடக்கிற வடக்கு ஏரியிலை படகு பிரண்டதெண்டு சொல்லிச்சினம். தண்ணியையும் மீனையும் படிக்க ஏன் அவ்வளவு தூரம் போகவேணும்? எட்டாம் வகுப்போடை நிண்ட எனக்கு அண்டைக்கும் விளங்கேல்லை, இண்டைக்கும் விளங்கேல்லை.

20.8
ஃப்ரீசரின்ரை அடியிலை ஆறு மீன். போனமாசம் வந்து நிண்டநேரம் நீ வைச்சதாக்கும். ஒவ்வொண்டும் தனிப் பையிலை, நம்பர் போட்டு. எனக்குத்தானே கொண்டுவந்தனி?

21.8
எட்டாம் நாள், உன்ரை எட்டுச் செலவுப் படையல். உனக்கு விருப்பமான எல்லாம் படைச்சன். அந்த மீனைத்தான் குழம்பு வைச்சன். பக்கத்து வீட்டுச் சிவமலர் அக்கா, "எந்தக் கடையிலை வாங்கினனி?" எண்டு ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவ.

4.9
உன்னோடை படிக்கிற, உன்னை அக்கா எண்டு கூப்பிடுற எலிசா வந்தவ. "அன்ரி, இஞ்சை ஆறு மீன் இருக்கோ? லாப் ஃப்ரீசர் நிறைஞ்சுபோச்செண்டு அக்கா கொண்டு வந்தவ."
"கறி வைச்சிட்டன் பிள்ளை."
அப்பிடியே கதிரையிலை இருந்திட்டா. அந்த ஏரியிலை இந்த வருசம் பிடிச்சது அந்த ஆறும்தானாம். அது இல்லாட்டி உன்ரை மூண்டு வருசப் படிப்பு அரையோடை நிக்குமாம்.
நான் என்னத்தைப் படைச்சனான்? மீனையோ, உன்ரை படிப்பையோ —

5.9
வேலைக்குப் போகேல்லை.

6.9
தலை இருக்கு. ஏன் எனக்கு இது முதலே ஞாபகம் வரேல்லை? மீன்தலை கண்டால் "என்னைப் பாக்குது அம்மா" எண்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுவாய். அதாலை படையலுக்குத் தலை போடேல்லை, அந்தந்தப் பையிலையே போட்டுத் திருப்பி ஃப்ரீசரிலை வைச்சனான்.
எலிசாவுக்குப் போன் அடிச்சன். அழுறாவோ சிரிக்கிறாவோ தெரியேல்லை. "முக்கியமா வேண்டியது தலைதான் அன்ரி. மிச்சம் ருசியா இருந்ததோ?"

12.2.2007
எலிசா என்னை டவுன்டவுனுக்கு, உன்ரை லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவ. நீ இருந்த கதிரையிலைதான் என்னை இருத்தினவ.
மீனின்ரை காதுக்குள்ளை அரிசிமணியளவு கல்லு. அதை வெட்டி, பெரிசாக்கிக் காட்டுற கண்ணாடிக்குக் கீழை வைச்சுக் காட்டினா. வருசத்துக்கு ஒரு வளையம். எப்ப கடலுக்குப் போனது, எப்ப ஏரிக்குத் திரும்பினது, எல்லாம் அதிலை கிடக்காம். ஒடுங்கின வளையம் குளிர் வருசம். அகலமெண்டால் தண்ணி சூடான வருசம். கடைசி வளையங்கள் எல்லாம் அகலம்.
"தண்ணி சூடேறிக்கொண்டே வருகுது அன்ரி. அக்கா கண்டுபிடிச்சது இதுதான். கட்டுரை அவவின்ரை பேரிலைதான் வரும்."
ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். பஸ்ஸிலை இருக்கேக்கைதான் யோசிச்சன்.
தண்ணி சூடெண்டால், உனக்குக் குளிரேல்லையோ, குஞ்சு?