எல்லைக்கல்லுக்கு அடியில் போட்ட ஓட்டைக் கல்

ஆவணி, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது, போனுக்குச் சொல்லி வைக்கிறேன்.

செய்யாத்து வெள்ளம் கழனியெல்லாம் மணல் போட்ட வருஷம், எனக்குக் கல்யாணம் ஆனதும் அதே வருஷம்தான், வரப்பே தெரியாமப் போச்சு. நாலு பேரா அளந்து புது எல்லைக்கல் நட்டோம். அடியில சாட்சிக்கு எதையாவது புதைப்பது வழக்கம். கரியோட, பட்டாளத்துல இருந்த என் அண்ணன் இமயமலையிலிருந்து கொண்டாந்த ஓட்டைக் கல்லையும் போட்டோம்.

இன்னிக்குப் பக்கத்துக் கழனி ஏழுமலை வேலிக்குக் குழி எடுத்தான். எல்லைக்கல்லுக்கு நாலடி தள்ளி, அவன் கழனிக்குள்ள, அந்த ஓட்டைக் கல் வந்துச்சு.

"இன்னா பெருசு மொறைக்கிற? வெறும் சுக்கான் கல்லு. நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் கீது" என்று வீசினான். அவன் சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

காலேஜில் மண்ணு, பாறை படிக்கிற பேத்தி, நான் பொறுக்கியாந்த கல்லைக் கழுவிப் பார்த்தாள்.

"மலையும் மலையும் நெருக்கறப்போ சுண்ணாம்புப் பாறை நொறுங்கும் தாத்தா. அந்தச் சில்லுங்களைச் சுண்ணாம்பே திரும்ப ஒட்டிடும். நடுவுல இருந்த ஜிப்சம் தண்ணியில கரைஞ்சு ஓட்டை ஆயிடும். சில்லு எப்படிக் கூர் கூரா கீது பாரு. இது நம்ம ஊர்க் கல்லே இல்ல."

அப்போ புதைச்ச கல் நகரலை. மேல நிக்கிற கல்தான் என் கழனிப் பக்கம் வந்திருக்கு. எப்போ? நான் கண் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருந்தப்போவா?

நாளைக்குப் பஞ்சாயத்தில் சாட்சி கேட்பாங்க. ஓட்டைக் கல்லைத் தன் கையாலே குழியில் வெச்சவன் ஒருத்தன். என்னைத் தவிர உயிரோட இருக்கிறதும் அவன்தான். ஏழுமலையோட அப்பன், கன்னியப்பன்.