மிஸ்டர் டாலிசன்

நாட்டிங்ஹாம்ஷயர்
1882 மார்ச் 4, சனிக்கிழமை

அன்புள்ள ஈனோக்குக்கு,

கெசையா எழுதுவது. நானும் லெட்டியும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

லெட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சேவலை நரி கொண்டுபோயிற்று. காலுறை தைக்கிற வேலை தடையில்லாமல் வருகிறது. மேற்குச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஜனவரிக் கடிதம் செவ்வாயன்று வந்தது. மெல்போர்னில் ஏழு விக்கெட் எடுத்ததையும் ஐம்பத்திரண்டு ரன் அடித்ததையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, காய்ச்சலை மட்டும் ஓரத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். கேப்டன் துரை பிராந்தி கொடுத்து, "ஒண்ணுமில்ல டாலிசன், நாலு ஓவர் போட்டா வேர்த்து இறங்கிடும்" என்றாராம். நீங்களும் வெயிலில் நாள் முழுக்கப் போட்டீர்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மட்டை பிடிக்கவும் நீங்கள், பந்து போடவும் நீங்கள். ஒரே ஆளிடம் இரண்டு ஆள் வேலை வாங்கத் துரைமாருக்குச் சொல்லியா தர வேண்டும்?

கடிதம் கப்பலில் ஆறு வாரம் தள்ளாடி வருகிறது. ஆட்டத்தின் முடிவோ தந்தியில் முந்திக்கொண்டு வந்து பத்திரிகையில் ஏறிவிடுகிறது. உங்கள் கடிதம் வருமுன்பே பார்த்துவிட்டேன். சிட்னி ஆட்டத்தில் உங்கள் பெயருக்கு நேரே "ஆட வரவில்லை" என்று போட்டிருந்தது. அடுத்த ஆட்டத்தில் பெயரே இல்லை.

நேற்றைய பத்திரிகையைக் கொல்லர் ஜேபஸ் மதுக்கடையில் உரக்கப் படித்திருக்கிறார். "மிஸ்டர் டாலிசன் இல்லாதது அணிக்குப் பெரும் இழப்பு" என்று வந்ததாம். நம் வாசலுக்கே வந்து, "ஏ கெசையா, உம் புருஷன் துரையாயிட்டான்டி! இனிமே துரைமாரு கதவு வழியாத்தான் மைதானத்துல இறங்குவான், நம்மள எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கிண்டலடித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் அந்த மிஸ்டர் உறைத்தது. பத்து வருஷமாக உங்கள் பெயரைப் பத்திரிகையில் பார்க்கிறேன். கூலி வாங்காமல் ஆடுகிற துரைமாருக்கு மிஸ்டர் உண்டு. கூலிக்கு ஆடுகிற உங்களுக்கு, நூறு ரன் அடித்த அன்றும், வெறும் டாலிசன்தான். என் அப்பாவும் சுரங்கத்தில் நாற்பது வருஷம் வெறும் கௌலிஷா. அவருக்கு ஒரே ஒரு தடவைதான் பத்திரிகையில் மிஸ்டர் போட்டார்கள். அது என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியும். சவப்பெட்டியின் தலைப்பக்கத்தைத் தூக்கியவர் நீங்கள்தானே.

அச்சுக் கோப்பவனின் தவறாக இருக்கும் என்கிறார் பாதிரியார். கிளப் செயலாளரிடம் போய், தந்தி அடித்து விசாரிக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "திங்கக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் நம் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அவர் வருமுன் இதை எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஈனோக், இனி யார் சொன்னாலும் பந்து போடாதீர்கள். ஆடியது போதும், வந்துவிடுங்கள்.

அவருக்குத் தெம்பில்லாமல் இந்தக் கடிதத்தை வேறு யாராவது பிரித்திருந்தால், ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். படுத்திருக்கையில் அவருக்கு வலது தோள் குளிரும், பந்து போடுகிற தோள். போர்வையை அதன்மேல் நன்றாக இழுத்துவிடுங்கள். கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பார்.

என்றும் உங்கள்,
கெசையா