மிக்ஸி புறப்படும் நேரம்

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, மூன்றாம் மாடி வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் மனைவி கணவனுக்கு ஒரு சீட்டு ஒட்டினாள்.

"நான் அக்கா வீட்டுக்குத் தூங்கப் போறேன். விசேஷம் ஒண்ணுமில்லை, தூக்கம் மட்டும்தான். பாப்பாவுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்ச நாள்லேருந்து எனக்கு ஒரு கண் திறந்தேதான் கிடக்கு. 'வீட்டுலதானே இருக்கே, என்ன களைப்பு?'ன்னு நேத்து கேட்டீங்க. சண்டை போடத் தெம்பில்லை. தூங்கிட்டு வந்து போடறேன்.

மிக்ஸி போடறதுக்கு முன்னாடி ரயில் நிலையம் மாதிரி அறிவிக்கணும்: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மிக்ஸி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.' முணுமுணுத்தா செல்லாது. மகாராணி காதைப் பொத்திக்கிட்டுத் தலையாட்டினப்புறம்தான் சுவிட்சைத் தொடணும். திடீர்னு போட்டீங்கன்னா பயந்துடுவா; அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நீங்கதான் பயப்படணும்.

சாவி உங்க சட்டைப் பையிலேயே இருக்கு. தேடாதீங்க."

எழுத இடம் தீர்ந்துபோனதால், ஓரத்தில் நெருக்கிச் சேர்த்தாள்: "சாப்பிடுங்க. கோபம் உங்க மேலதான், உங்க வயித்து மேல இல்லை."

பதினொரு மணிக்குக் கணவன் போன் செய்தான். அக்கா எடுத்தாள்.

"அக்கா, அவளைக் கொஞ்சம் எழுப்புங்களேன். சோபா மெத்தையை இடம் மாத்தி வெச்சுட்டேனாம். பாப்பா என்னை உட்காரவே விடமாட்டேங்கறா."

"எந்த மெத்தை தம்பி?"

"அதைக் கேக்கத்தான் எழுப்பச் சொல்றேன்!"

"இருக்கறதே மூணு மெத்தை. மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க. பாப்பா சிரிச்சா அதான் சரி."

அக்கா போனை வைத்தாள். தங்கை மாலை நான்கு மணி வரை தூங்கினாள்.