ரீவியில் வராத பாதி

அன்பு அம்மாவுக்கு,

இஸ்ரேலிலிருந்து டிலோஜன் எழுதுகிறேன். முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம்.

நான் பராமரிக்கும் கிழவரின் வீட்டுக்கு ரீவிக்காரர் வந்து, ராக்கெட்டுக்குப் பயமா என்று கேட்டார்கள்.

"ஓம், பயம்தான். காஸாவிலயும் சனம் பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடுதுகள். எங்கட ஊர்ச் சண்டையில என்னையும் அம்மா அப்பிடித்தான் மடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவ" என்றேன்.

பயத்தை மட்டும் ஒளிபரப்பினார்கள். அதை முகநூலில் பார்த்த ஊர்ப் பெடியள், நான் இஸ்ரேலுக்காகப் பேசுகிறேன் என்று திட்டுகிறார்கள். மறுத்துப் பேசினால் வேலையும் விசாவும் போய்விடும். கோயிலில் யாரும் கேட்டால் மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கோ. தனியே இருந்து சாப்பிட எதுவும் இறங்குவதில்லை.

கமராக்காரர் திரும்பவும் வந்துவிட்டார்கள். "போன முறை சொன்னதையே சொல்" என்று கிழவரின் மகள் போட்டுக்கொள்ள வெள்ளைச் சேட்டு ஒன்றை நீட்டுகிறாள். போட்டுக்கொண்டேன், அம்மா. கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்,
டிலோஜன்