பூவோடு வெட்டிய புதர்

ராச்டேல்,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புள்ள ரசல்,

தோள்பட்டை ஒன்றைத் தவிர நான் நலம்தான். நீயும் மருமகள் மெரடித்தும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன், நீ போனில் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. இங்கே ஒரு வாரமாக மழையில்லை. உன் அறையில் சுவர் ஈரம் மட்டும் காயவில்லை, கதவை மூடியே வைத்திருக்கிறேன்.

கொல்லையில் அப்பா வைத்த வண்ணத்துப்பூச்சிப் புதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் ஞாயிறன்று அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார் அல்லவா. அவர் போனபின் யாரும் வெட்டவில்லை. ஈஸ்டருக்கு வந்து வெட்டித் தருகிறேன் என்று நீ சொன்னதால் நானும் ஆள் பார்க்கவில்லை. அது கூரைவரை வளர்ந்து, கீழெல்லாம் வெறும் குச்சியாகி, உச்சியில் மட்டும் பூத்தது. உன் அறை ஜன்னலில் நின்றால்தான் பூ தெரியும். தினமும் தேநீரோடு மேலே போய் நிற்பேன். பக்கத்து வீட்டு பெரில், "மூணு வருஷம் முடி வெட்டாம விட்டா உனக்கும் இப்படித்தான்டி நிக்கும்" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரிப்பாள்.

போன திங்களன்று, நம் வீட்டுக்கு வாடகை வாங்கும் வீட்டுச் சங்கத்திலிருந்து கியரன் என்று ஒரு பையன் வந்தான். ஈரத்துக்கு அந்தப் புதர்தான் காரணமாம். "அது களைங்க, ரயில் ஓரத்துல மொளைக்கறது. வேரோட எடுத்து மருந்து ஊத்திடுவோம்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு, "கூரைத் தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்குன்னு எங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்கும்போதிருந்து சொல்றோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல, பூ பூத்ததும் ஓடி வந்துட்டியா" என்று கேட்டேன். வாடகை தருகிறவர்களின் சுவர் நனைந்தால் இவர்கள் கணக்கில் அது செடியின் தப்பு, இல்லையென்றால் நாங்கள் வீட்டுக்குள் அதிகம் மூச்சு விடுவது தப்பு. அவன் முகம் சிவந்துவிட்டது. மெல்ல, "நான் வேலைக்குச் சேந்தே ரெண்டு மாசந்தாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்களே முழங்கால் உயரத்துக்கு வெட்டிட்டா போட்டோ எடுத்துட்டு முடிஞ்சதுன்னு எழுதிடுவேன், வேரத் தொட மாட்டாங்க" என்றான். பூ முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்றேன். அது அவன் கையில் இல்லையாம்.

பூவோடு வெட்டினால் இந்த வருஷம் அவ்வளவுதான். இப்போது விடும் இளந்தளிர் உறைபனியில் கருகினாலும் கருகும். வேராவது மிஞ்சட்டும் என்று அப்பாவின் ரம்பத்தை எடுத்தேன். பெரில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்தா என் மேல விழாத, எனக்கு இடுப்பு புதுசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தோம். வெட்டிய கிளைகள் பச்சைக் குப்பைத்தொட்டியில் அடங்கவில்லை, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றன. மறுநாளும் வண்ணத்துப்பூச்சிகள் தொட்டிக்கே வந்து, வாடிக்கொண்டிருந்த பூக்களில் உட்கார்ந்து குடித்தன. குப்பை வண்டி வந்தபோது தொட்டியை உருட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை, பெரில்தான் உருட்டினாள்.

கியரன் வந்து படம் எடுத்தான். ஈரத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். அதற்கு வேறு ஆள் என்றான்.

இப்போது கொல்லையில் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அடியில் உரம் கொட்டவில்லை, கொட்டினால் பூ வராமல் இலைதான் வரும். காலையில் எழுந்ததும் பார்க்க ஒன்றுமில்லாததால் எழுந்திருக்க நேரமாகிறது. தளிர் விட்டதா என்று நீ போனில் கேட்பாய், கேட்க வேண்டாம், விட்டால் நானே எழுதுகிறேன். ஈஸ்டருக்கு வருகிறேன் என்றும் இந்தத் தடவை சொல்லாதே. வருவதானால் சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. நீ சொன்ன நாளில் கோழி வாங்கி வைத்துத் தனியாகச் சாப்பிட என்னால் இனி முடியாது.

பல் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் சண்டையில்லாமல், நோயில்லாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்
அம்மா