ஆயில் டேங்கில் ஒரு பொட்டு

பிப்ரவரி 5, திங்கள்

மெக்கானிக் வலியுல்லா பாய் ராயப்பேட்டையிலிருந்து வந்து என் மீன்பிடி போட்டில் மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டார். ஆயில் இல்லாமல் ஓடிக் காய்ந்த பிஸ்டனை மாற்றியிருக்கிறார். "ஆயில் பம்ப் நல்லாத்தான் கீது நைனா. எதுக்கும் ஒரு வாரம் பாரு" என்றார்.

பார்க்கும் முறை இது: பெட்ரோலிலேயே கொஞ்சம் ஆயில் கலந்துகொள்ள வேண்டும், பம்ப் கைவிட்டாலும் இன்ஜின் பிழைக்கும். ஆயில் டேங்கில் மட்டத்துக்கு ஓர் அடையாளம். கடலுக்குப் போய்வந்து, மோட்டார் ஆறியபின் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப் இழுக்கவில்லை. தினமும் எழுதச் சொன்னார். அதற்குத்தான் இந்த டைரி.

பேனாக் கோடு உப்புத் தண்ணீரில் நிற்காது. முத்துமாரியிடம் ஸ்டிக்கர் பொட்டு கேட்டேன். "யாருக்கு?" என்றாள். மோட்டாருக்கு என்றேன். பெண்டாட்டிக்கு வாங்கித்தர மாட்டாய், மோட்டாருக்குக் கேட்கிறாய் என்று முனகிக்கொண்டே, கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டைப் பிய்த்துக் கொடுத்தாள். எதற்கென்று நானும் விளக்கவில்லை.

பிப்ரவரி 6

கடலுக்குப் போய்வந்து, சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மட்டம் பொட்டிலேயே நிற்கிறது. ஒரு நாள்தானே.

பிப்ரவரி 7

இன்றும் இறங்கவில்லை. மச்சான் டில்லிபாபு இருமிக்கொண்டே வந்தான். "மாமா, கொசு மருந்து வண்டி மாரி பொக உடுதே" என்றான்.

பிப்ரவரி 8

பக்கத்துப் போட்டுக்காரன் பாரத் தன் மோட்டாரை சர்வீஸுக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டானாம். "பாய் கை வெச்சதுதானே நடுக்கடல்ல உன்ன கவுத்துச்சி" என்கிறான்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். போன மாதம் மோட்டார் நின்றது பம்பினால் அல்ல. டேங்கில் ஆயில் ஊற்ற மறந்தது நான். ஆயில் குறைந்தால் கத்தும் அலாரத்தின் ஒயரை, சும்மா கத்துகிறது என்று பிடுங்கிப் போட்டதும் நான். டில்லியும் நானும் ஐந்து மணி நேரம் மிதந்தோம். பாரத்தின் போட்டுதான் கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் குப்பமே நின்று கேட்டது. வெட்கம். "பம்ப் பூட்ச்சி" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பம்பைத் தீபாவளிக்கு முன்னால் சர்வீஸ் செய்தவர் பாய்.

இப்போது மூன்று நாளாக மட்டம் அசையவில்லை. சொன்ன பொய் பலித்துவிட்டதா? எல்லையம்மா தாயே, அப்படியெல்லாம் செய்யாதே.

பிப்ரவரி 9, வெள்ளி

ஜும்மா தொழுகை முடித்து பாய் வந்தார். பொட்டைப் பார்த்தார், மட்டத்தைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "என் கைதான் தப்பு பண்ணிக்கீது. மன்னிச்சிக்க கோபாலு."

பத்தொன்பது வருஷமாக என் மோட்டாரைத் தொடும் கை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா நான்? சீ.

டில்லிதான் புகையைப் பற்றிச் சொன்னான். பாய் சட்டென்று நிமிர்ந்தார். "பொகயா? அப்போ கலந்த ஆயிலும் எரியுது, பம்ப் குடுக்கிறதும் எரியுது. பம்ப் இழுக்குது நைனா. யாரோ ஊத்திக்கினு கீறாங்க."

பிப்ரவரி 10, சனி

கரைக்கு வந்ததும் டீக்கடைக்குப் போகிற மாதிரி போய், பாரத் போட்டின் பின்னால் நின்றுகொண்டேன். முத்துமாரி மீனைக் கூடையில் போட்டாள். அக்கம் பக்கம் பார்த்தாள். கூடைக்கு அடியிலிருந்து ஆயில் பாட்டிலை எடுத்து, மோட்டார் மூடியைத் தூக்கி, பொட்டு வரைக்கும் சரியாக ஊற்றி, வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னா பண்ற?" என்றேன்.

"இது வரிக்கும் ஊத்தணும்னுதானே பொட்டு வெச்ச?"

"யாரு உன்ன ஊத்த சொன்னது?"

"உன்ன இஸ்துகினு வந்த அன்னிக்கே டேங்க பாத்தேன். காஞ்சி கெடந்துச்சி. நீ பம்ப்புன்ன. சரி, ஊருக்கு பம்ப்பாவே இருக்கட்டும். கடலுக்குள்ள போறது நீயும் என் தம்பியும். நீ மறந்தா நான் ஊத்திட்டு போறேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அத்த வேற நான் கேக்கணுமா?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்க சாஸ்திரி நகர் பக்கம் நடந்துவிட்டாள். அழுகை வந்தது எனக்கு. இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன்?

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று அவளை ஊற்ற வேண்டாம் என்றேன். பொட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது.

பாயைக் கூப்பிட்டு, வலை பின்னும் இடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்: "ஆயில் ஊத்த மறந்தது நான். அலாரம் ஒயர புடுங்கி போட்டதும் நான். பாய் மேல ஒண்ணும் இல்ல." பாரத் சிரித்தான். "சோறு துன்ன மறக்க மாட்டியே மாமா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயில் பாதியைக் குடித்து, கிளாஸை மணலில் வைத்தார். "அந்த ஒயர் எங்க?" என்று கேட்டார். உட்கார்ந்து அலாரத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, சனி

பாரத்தின் மோட்டார் மறுபடி பாயின் பட்டறையில்தான் கிடக்கிறது. பாய் போன் செய்து, "இன்னிக்கு எவ்ளோ நைனா?" என்று கேட்டார். பழைய குரல்.

இரண்டு விரல். ஊற்றியது நான்.

முத்துமாரியின் கூடையைத் தூக்கிவிடும்போது பார்த்தேன், அடியில் அந்த ஆயில் பாட்டில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.